விடுதி கேட்டோம், கல்யாணத் தேதி கேட்டார்கள்

கோவில்பட்டி,
11-7-1999

அன்புள்ள தம்பி கண்ணபிரானுக்கு,

அக்கா கிருஷ்ணவேணி எழுதுகிறேன். இங்கே மழை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலமாகவே இருக்கிறது. பிலாயில் நீயும் முத்துசெல்வியும் குழந்தைகளும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உன் கடைசிக் கடிதத்தின் நான்கு பக்கங்களிலும் எலெக்ட்ரானிக்ஸ் பற்றி இருந்ததே தவிர உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தக் கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். உன் மருமகள் கிருஷ்ணப்ரியாவுக்கு இரண்டு இடம் கிடைத்திருப்பது உனக்குத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஒன்றில் கணிதத்தில் ஐந்தாண்டுப் படிப்பு. எங்கே சேர்கிறாள் என்பதை இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொறியியல் படித்தால் வேலை வாசலில் வந்து நிற்கும், கணக்குப் படித்தால் டீச்சர் வேலைக்குத்தான் போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். இருபத்துமூன்று வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கும் என்னிடமே அதைச் சொன்ன உன் துணிச்சலை மதிக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களின் விவரப் புத்தகங்களையும் நான் படித்துவிட்டேன். இரண்டிலும் மரத்தடியில் உட்கார்ந்து மாணவர்கள் படிக்கும் படம் இருக்கிறது. படம் எடுக்கும்போது யாரும் படிக்கத்தான் செய்வார்கள் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் காலத்தில் எனக்கு இரண்டு பல்கலைக்கழகம் இருந்ததில்லை. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடியது ஒன்று இருந்தது, அதில் படித்தேன். அதனால் தேர்வு செய்வதில் எனக்கு அனுபவம் இல்லை. கிருஷ்ணப்ரியாவோ, கேட்டால் "நீங்க சொல்லுத எடத்துல படிக்கேம்மா" என்பதோடு சரி. அப்படிச் சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஹைதராபாத் புத்தகத்தைத்தான் புரட்டுகிறாள் என்பதை மட்டும் கவனித்திருந்தேன்.

உன் அத்தான் ஆரம்பத்திலிருந்தே ஹைதராபாத் பக்கம். கணிதத்தின்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவருக்குப் பொறியியல்தான் பொருத்தமாகப் படும் என்று நானும் நினைத்தேன். அவரோ, "அது நம்ம சீமைல்லா. நானூறு வருசங் கழிச்சு நம்ம வீட்டுப் புள்ள ஊர் திரும்புது, தடுக்காதட்டி" என்றார். வீட்டில் நாம் பேசுகிற தெலுங்கு அங்கே செல்லும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தத் தெலுங்கு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்; நாலு வார்த்தைக்கு இரண்டு தமிழ். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பெண்கள் விடுதியில் இடம் உண்டென்றால் ஹைதராபாத், இல்லையென்றால் சென்னை. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் விடுதி பற்றி ஒன்றும் தெளிவாக இல்லை. ஆகவே மூன்றாம் தேதி சனிக்கிழமை இருவரும் மெயின் ரோட்டில் ஜஹாங்கீரின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் நான் பேசுகிறேன் என்றேன். "நம்ம பாசை இருக்கையில இங்கிலீசு எதுக்கு? அவிய நம்மாளுக, நீ சும்மா இரு" என்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியும் பயனில்லை, ஹைதராபாத் தூரமான ஊர் என்பதால் அதற்கேற்ற குரலில் பேசினார். "மா பில்லகு அக்கட விடுதி உந்தா?" என்று கேட்டது மெயின் ரோடு முழுக்கக் கேட்டது. எங்கள் பெண்ணுக்கு அங்கே விடுதி உண்டா என்கிறாராம். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, இவர் முகம் மாறியது. "ஏமி?" என்றார். பிறகு "ஒக்கத்தே" என்றார், ஒருத்திதான் என்று. மறுபடியும் "ஒக்கத்தே" என்றார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தவர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, எடம் உண்டாமா?" என்று ஜஹாங்கீர்தான் முதலில் கேட்டார்.

"கல்யாணம் எப்போன்னு கேக்கான்யா! எத்தன பேரு வாரியன்னு கேக்கான். ஒருத்திதான்னு சொன்னா, கல்யாணத்துக்கு ஒருத்தியான்னு சிரிக்கான்!"

படிக்கப் போகிற பெண்ணுக்குக் கல்யாணத் தேதி கேட்கிற பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் வழி நெடுக உன் அத்தான் யோசித்துக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அங்கே கல்யாணம் ஆன பெண்களுக்குத்தான் விடுதி தருவார்கள், பெரிய ஊர்களில் அப்படித்தான் சட்டம் வைப்பார்கள், ஆகவே சென்னை. கிருஷ்ணப்ரியா ஹைதராபாத் புத்தகத்தை அலமாரியில் சென்னைப் புத்தகத்துக்கு அடியில் வைத்தாள். அன்று இரவு அவள் சாப்பிட்டது ஒரு தோசை. எப்போதும் நான்கு. நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை, ஆனால் தோசையின் எண்ணிக்கையை நம்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் விளாத்திகுளத்திலிருந்து உன் அத்தானின் தங்கை ராதாமணி வந்து இறங்கினாள். ஜஹாங்கீர் நல்ல மனிதர். சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். பூத்துக்கு எதிரேதான் விளாத்திகுளம் பஸ் நிற்கும் என்பது அவர் குற்றமில்லை. "ஏண்ணே, கூடப்பொறந்தவ ஒருத்தி உயிரோடதான இருக்கேன்? ஹைதராபாத்துல சம்பந்தம் பேசுத அளவுக்குப் போய்ட்டு எனக்குக் கண்டக்டர் சொல்லித் தெரியணுமா?" என்று செருப்பைக் கழற்றுமுன் ஆரம்பித்தாள். நான் காபி கொடுத்து, சம்பந்தம் ஒன்றும் இல்லை, படிப்பு விஷயம் என்று பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டாள். "படிக்கவா?" என்றாள். "மதினி, இத நேத்தே சொல்லப்படாதா? நான் பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டுல்லா வாரேன்." பிறகு மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டாள். உன் அத்தான் எழுந்து கடைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நானே ஆங்கிலத்தில் பேசிவிடுவது என்று பூத்துக்குப் போனேன். கிருஷ்ணப்ரியாவும் வருகிறேன் என்றாள். பின்னாலேயே உன் அத்தானும் வந்தார், தற்செயலாக வந்தவர் போல. நான் எண்ணை அழுத்தி முடித்ததும் "குடுங்கம்மா" என்று கிருஷ்ணப்ரியா ரிசீவரை வாங்கிக்கொண்டாள். இந்தப் பெண் வீட்டுக்கு வந்தவர்களிடம் "வாங்க" என்று சொல்லவே சுவர் மறைவில் நிற்பவள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பிறகு நம் வீட்டுத் தெலுங்குக்கு மாறினாள். புரியாத இடத்தில் இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள், வெட்கப்படாமல். கண்ணாடிக்குப் பின்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முதல் வருடம் என்னென்ன பாடம், எண் கோட்பாடு எப்போது வரும், நூலகம் எத்தனை மணி வரை என்று அந்தக் குமாஸ்தாவை உண்டு இல்லை என்று ஆக்கினாள். நான் வெளியே சாக்பீஸ் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். நமக்கு விடுதி என்றால் ஹாஸ்டல். அங்கே "விடிதி" என்று ஒரு சொல் இருக்கிறதாம். கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்குக் கொடுக்கும் வீடு. "அப்பா, நீங்க யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு எடம் கேட்டுருக்கீங்க. அவரு பாவம், இங்கன கல்யாணத்துக்கெல்லாம் விடுறதில்லன்னு எவ்வளவோ சொன்னாராம்" என்றாள் கிருஷ்ணப்ரியா. ஜஹாங்கீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அத்தான் சிரிக்கவில்லை. "நானூறு வருசத்துல அவிய பாசைய அவியளே கெடுத்துட்டாவ" என்றார். பெண்கள் விடுதியில் இடம் தாராளமாக இருக்கிறது. அன்று இரவு தோசை ஐந்து.

அதற்குப் பிறகுதான் விசித்திரம். நிபந்தனை நிறைவேறிவிட்டது, இனி பேசி முடிவெடுக்க வேண்டியதுதான் என்று பார்த்தால் இந்த வீட்டில் ஆறு நாளாக யாரும் பேச்சையே எடுப்பதில்லை. உன் அத்தான் தலை நிமிராமல் பேப்பர் படிக்கிறார். பம்பு வாங்க வருகிறவர்களிடம், சென்னைதான் நல்லது என்று என் மச்சினன் சொல்லுதான் என்கிறாராம். கிருஷ்ணப்ரியா கேட்காமலே பாத்திரம் கழுவுகிறாள். நானும் என் பங்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. பொறியியலில் நீ பதினைந்து வருட அனுபவம் உள்ளவன், நிதானமாக யோசிக்கக்கூடியவன். ஆகவே மூவர் சார்பிலும் இந்தப் பொறுப்பை உன்னிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சென்னையா, ஹைதராபாத்தா என்று உன் முடிவை உடனே எழுது. தந்தி கொடுத்தாலும் சரி. உன் பதில் வரும்வரை இங்கே ஒரு துரும்பும் அசையாது.

முத்துசெல்விக்கு என் அன்பு. குழந்தைகள் வாய்ப்பாட்டை மறக்காமல் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள அக்கா,
கிருஷ்ணவேணி

பி.கு. (19-7-1999): பள்ளிக்கூட வேலையில் இந்தக் கடிதம் எட்டு நாளாக என் கைப்பையிலேயே இருந்துவிட்டது. இன்று ஹைதராபாத்திலிருந்து தபால் வந்தது. கிருஷ்ணப்ரியாவுக்கு இடம் உறுதியாகிவிட்டது. சம்மதக் கடிதம் ஒன்று போதும், உங்கள் முகவரியிலிருந்து மூன்று வந்திருக்கிறது, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றிலும் ஜூலை ஆறாம் தேதி, அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள். ஒன்று கிருஷ்ணப்ரியா அனுப்பியது. ஒன்று நான் அனுப்பியது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்றாவதைப் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த பேராசிரியரிடம் காட்டினார்களாம். எழுத்துதான் தமிழ், பாஷை தமிழ் இல்லை என்றாராம். நான் படித்தேன். உன் அத்தான் நம் வீட்டுத் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். தமிழில் சொன்னால் இப்படி: "ஐயா, எங்கள் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இன்னும் இது தெரியாது. கொஞ்சம் பிடிவாதக்காரர்கள். அவர்களை நான் மெதுவாகச் சம்மதிக்க வைத்துக்கொள்கிறேன்."

உன் முடிவை நிதானமாகவே எழுது. அவசரம் ஒன்றுமில்லை.