கடைவாய்ப் பல்லும் காந்தமும்

"இன்னா வரதா, இன்னுமா பல்லு நோவுது?"

சூப்பர்வைசர் அப்பாவு முழங்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டே வந்தார். வரதன் அவசரமாகக் கன்னத்தில் கை வைத்தான்.

"நேத்து அந்தப் பக்கம்னு சொன்னே?"

"ரெண்டு பக்கமும் கீது சார்."

"சரி, சாயங்காலம் சீக்கிரம் கெளம்பு. வைத்தியத்தை வுடாதே. என் முட்டிக்கும் தெனம் காலையில போய்ட்டுத்தானே வர்றேன்."

மணலியில் ஒரு பழைய இரும்பு யார்டில் காந்த கிரேன் ஓட்டுபவன் வரதன். அவன் காந்தத்தை இறக்கினால் துருப்பிடித்த லாரிக் கதவுகூடத் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது அவன் மண்டைக்கே காந்தம். ஒரு வருஷமாக மனச்சோர்வு. சோறு இறங்கவில்லை, மாத்திரை கேட்கவில்லை. திருவொற்றியூர் டாக்டர் மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுக்க ஆரம்பித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் தலையோரம் ஒரு கம்பிச் சுருள் மரங்கொத்தி மாதிரி டக் டக்கென்று தட்டும். அவ்வளவுதான்.

ஆனால் தலைக்கு வைத்தியம் பார்ப்பவனை யார் கிரேனில் ஏற்றுவார்கள்? கீழே இறக்கி இரும்பு பொறுக்க விட்டுவிடுவார்கள். அதனால்தான் பல்வலி.

வைத்தியம் வேலை செய்தது. பசி திரும்பியது. அங்கேதான் மாட்டினான்.

"பல்லு நோவுறவன் நண்டு கடிக்கிறே?" கேண்டீனில் எதிரே அப்பாவு.

"நோவாத பக்கமா கடிக்கிறேன் சார்."

"ரெண்டு பக்கமும் நோவுதுன்னியே?"

அப்பாவுவுக்கு இளகிய மனசு. பல் டாக்டரான தன் மச்சானிடம் ஆட்டோ வைத்து அழைத்துப் போனார்.

மச்சான் டார்ச் அடித்துத் தேடினார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கே. எது வலிக்குது?"

அப்பாவு பக்கத்திலேயே நின்றார். வரதன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினான். நல்ல பல், வெளியே வரவே மாட்டேன் என்று அடம்பிடித்துத்தான் வந்தது.

"பேஜாரு வுட்டுது. இனிமே முழு ஷிப்ட்டும் இருப்பே," என்றார் அப்பாவு.

"ஓட்டைக்குப் புதுப் பல்லு கட்டணுமே சார்."

அதையும் மச்சானே கட்டினார். உள்ளே உலோகம் வைத்து.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வரதனுக்கு உறைத்தது. வாயில் உலோகம், தலையில் காந்தம். லாரிக் கதவு துள்ளுவதைத் தினமும் பார்ப்பவனாயிற்றே. சாயங்காலம்வரை பொறுக்காமல் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு ஓடினான்.

நர்ஸ் ரூஹி அவன் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கட்டின பல்லெல்லாம் பறந்து வராதுண்ணா. எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடலாம். உள்ளே ஒருத்தருக்கு ஓடுது, உக்காருங்க."

டக் டக் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்தார். அவரைப் பார்த்ததும் வரதனின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

ரூஹி தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பாவு சார், இன்னிக்காவது வெளிய போறப்ப நொண்ட மறந்துடாதீங்க."