மூச்சு விடும் துணி அலுமாரி

மேல் டிவிசன் லயம்,
எல்கடுவ.
ஐப்பசி, 2007

குவைத் வெயிலிலும் கருகாமல் இருக்க வேண்டிய சித்தி சந்திரகாந்தா அவர்களுக்கு, அக்கா மகள் தர்சினி பணிவோடு (சிரிக்காதீங்க) எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உங்கள் நலத்தை இந்த முறை மரியாதைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை.

போன மாதம் உங்கள் பார்சல் வந்தது. செக்பொயிண்டில் பிரித்துக் கிளறி, மழையிலும் நனைந்து, மேலே ஒட்டியிருந்த தாளில் "குவைத்", "எல்கடுவ" இரண்டும்தான் மிச்சம். "நம்ம லயத்துல வெளிநாட்டுல வேற யாரு இருக்கா?" என்று அப்பா வாங்கிவிட்டார். உள்ளே குழாய்கள், இழுத்து மூடுகிற சிப் வைத்த நீலத் துணி, ஒரு பச்சைச் சேலை. குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி நிமிர்த்தினால் அலுமாரி! தோட்டத்து வரிசை வீட்டில் நமக்குள்ள ஒற்றைக் காம்பராவில் தொங்குகிற ஏழு பேர் உடுப்பும் அதற்குள் போய்விடும், நான் கால் நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை. "இது தங்கச்சி சேல. அவ வந்து கட்டுறவரைக்கும் வேற எதுவும் உள்ள போகக் கூடாது." இடம் கூட்ட வந்த அலுமாரி இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஏழு பேர் எட்டுப் பேரானோம்.

எட்டு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காற்று வராமல் வீட்டுக் கதவைச் சாத்தினாலும் அந்தத் துணி மெதுவாக உப்பும், மெதுவாக ஒட்டும். நான் உள்ளே ஒளிந்து உங்களைப் போல "அக்கா..." என்று ஒரு தரம் கூப்பிட்டது உண்மைதான், ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாளும் கூப்பிட்டதாம். அதற்கு ஆள்மாறி என்று பேர் வைத்தேன். பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா, "ஆளு அங்க போய்ச் சேர்ந்திருச்சுடி, இங்க வந்து மூச்சு விடுது" என்றார். அன்றிலிருந்து அம்மா அதன் முன்னால் தேத்தண்ணி வைக்கிறார். அப்பா, "காரியத்தப் பண்ணிருவோம் கமலா" என்றதற்கு, "உசுரோட இருக்கிறவளுக்கா?" என்று அவருக்குச் சோறு போடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆமிக்காரர்கள் தேடுதலுக்கு வந்தார்கள். அலுமாரி அந்த நேரம் பார்த்து மூச்சு இழுத்தது. ஒருவர் துவக்கை நீட்டி, "எத்துலே கவுத?" என்றார், உள்ளே யார் என்று சிங்களத்தில். அம்மா யோசிக்காமல், "மகே நங்கி" என்றார். என் தங்கச்சியாம்! எல்லாத் துவக்கும் நிமிர்ந்தது. அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்தது. துவக்கு முனையால் சிப்பை இழுத்தால் பச்சைச் சேலை மட்டும் தொங்குது. அவர்களில் பெரியவர் சேலையைப் பார்த்தார், தேத்தண்ணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சிப்பை அவரே மெதுவாக மூடி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார்.

ஆமியே அஞ்சலி செலுத்தியாச்சு என்று அப்பா அமாவாசைக்குக் காரியம் வைக்கப் பூசாரியிடம் சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தால் உடனே கடைக்குப் போன் எடுங்க சித்தி. இல்லையென்றாலும் எப்படியாவது சொல்லுங்க; சிப்பை மட்டும் தொடாதீங்க, பயமா இருக்கு.

மாரியம்மன் உங்களோடு இருக்கட்டும். வீட்டில் ஏழு பேருடைய அன்பும், எட்டாவது ஆளின் மூச்சும்.

அக்கா மக,
தர்சினி

பி.கு.: மேலே உள்ளதை அடித்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். போனில் நீங்களேதான்! அம்மா அழுது முடித்து அலுமாரியைப் பற்றிச் சொன்னதும், "எந்த அலுமாரி? நான் ஒண்ணும் அனுப்பலையேக்கா" என்றீர்கள். எல்கடுவையில் எத்தனை லயம்! எந்த வீட்டுக்கு வந்ததோ, நாளை அப்பா விசாரிக்கப் போகிறார். அம்மா திரும்பி வந்து, தேத்தண்ணி ஊற்றி அதன் முன்னால் வைத்தார். "யாரு பெத்த புள்ளையோ" என்றார். துணி மெதுவாக உப்பியது. இந்த முறை "அக்கா" என்று கூப்பிடவில்லை. "அம்மா" என்றது.

சத்தியமா நான் வெளியிலதான் நிக்கிறேன் சித்தி.