ஜெஞ்சாரோம் மச்சான் மேல் போட்ட தேக்சா வழக்கு

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் ஹைதருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அக்கா சுலைகாவும் எங்கள் மகள் ரிஹானாவும் அல்லாஹ்வின் கிருபையில் நலம். ஜெஞ்சாரோமில் நீயும் குடும்பமும் உன் சாப்பாட்டுக் கடையும் அதைவிட நலமாக இருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தோடு கோர்ட் முத்திரை குத்திய சம்மன் ஒன்று இருக்கும். அதில் வாதி நான், பிரதிவாதி நீ. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. முதலில் ஒரு டீ குடி, பிறகு மீதியைப் படி.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வராததால்தான் நமக்குள் இந்த நிலைமை. உன் மகன் அம்மார் கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பு போதவில்லை என்று பந்தியில் உட்கார்ந்தபடி சொன்னேன். சேலை சாயம் போகும் என்றால், போகும் என்று சொல்லியே விற்று ஜவுளிக் கடையை வளர்த்தவன் நான், வாய் அப்படியே பழகிவிட்டது. சாப்பாட்டுக் கடைக்காரனிடம், அவன் கூப்பிட்ட ஆட்கள் நடுவில் அதைச் சொல்லக்கூடாது என்பது எனக்கு உறைப்பதற்குள் உன் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து நீ எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அந்த விருந்துக்காக எங்கள் வீட்டிலிருந்து நீ எடுத்துப் போன பிரியாணி ஆக்கும் பெரிய பாத்திரம், அந்தத் தேக்சாவும் திரும்பவில்லை.

இப்போது ரிஹானாவுக்கு நிக்காஹ், அடுத்த மாதம், ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமனைப் போனில் அழைத்தால் அது அழைப்பே இல்லை, வாசலில் நின்று கையில் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்பது நம் குடும்பத்து முறை. வந்தேன். முதல் தடவை நீ பின்வாசல் வழியாகப் போய் லோரியில் ஏறிவிட்டாய். அடுத்த தடவை கல்லாவில் இருந்தவர் முதலாளி செராஸ் போயிருக்கிறார் என்றார், அவர் சொல்லும்போதே அடுப்படியிலிருந்து உன் இருமல் கேட்டது. உன் அக்கா இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மாமா வருவாங்களா என்று ரிஹானா கேட்டால் அடுப்பை அணைக்கப் போய்விடுகிறாள், அடுப்பு எரிந்துகொண்டிருக்காது.

அப்போதுதான் கடைக்கு வந்த ஒருத்தர் தன் வழக்குக் கதையைச் சொன்னார். சின்ன வழக்குக்கு வக்கீல் வைக்கவே கூடாதாம், கோர்ட்டில் கொடுக்கும் மனுப் பாரத்தை நாமே நிரப்பி நாமே பணம் கட்ட வேண்டுமாம், சம்மன் கிடைத்த ஆள் குறித்த நாளில் வந்தே ஆக வேண்டுமாம், வராவிட்டால் தீர்ப்பு நம் பக்கம் போய்விடுமாம். எனக்கு அந்த 'வந்தே ஆக வேண்டும்' மட்டும்தான் காதில் விழுந்தது. நான் கூப்பிட்டு வராதவன் அரசாங்கம் கூப்பிட்டால் வருவான் அல்லவா. பட்டு எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போனேன்.

கவுண்டரில் தாமரை என்று ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. பிரதிவாதி பெயர் என்ற இடத்தில் 'மதிப்பிற்குரிய மச்சான் ஜெஞ்சாரோம் ஹாஜி ஹைதர் அவர்கள்' என்று எழுதினேன், கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் போய்விட்டது. அடையாள அட்டையில் இருக்கிற பெயர் மட்டும் போதும் என்று மரியாதையை எல்லாம் அடிக்கச் சொன்னாள். அடுத்தது வழக்கின் விவரம், அதை மலாயில் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல மலாய் எல்லாம் வாடிக்கையாளர்கள் கடையில் கொண்டுவந்து வைக்கும் கல்யாணப் பத்திரிகையில் படித்ததுதான், ஆகவே மேற்படி தேக்சாவுடன் குடும்ப சமேதராக வருகை தந்து சிறப்பிக்கும்படி மிக்க பணிவோடு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாமரை திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அங்கிள், கேஸ் போட வந்தீங்களா, பத்திரிகை வைக்க வந்தீங்களா லா?"

"ரெண்டும்தாம்மா."

சிரிக்காமல் புதுப் பாரம் எடுத்துக் கொடுத்தாள். சாட்சி யார் என்றாள். தேக்சாவை லோரியில் ஏற்றும்போது கூட இருந்தது நீ ஒருத்தன்தானே, உன் பெயரைச் சொன்னேன். எதிர்க்கட்சிக்காரரே சாட்சியா என்றாள். கோபக்காரன்தான், ஆனால் பொய் மட்டும் சொல்ல மாட்டான் என்றேன். பேனாவைக் கீழே வைத்தவள், மறுபடி எடுத்து உன் பெயரையே எழுதிக்கொண்டாள். கடைசியில் பொருளின் மதிப்பு என்றாள். துணியைத் தடவியே விலை சொல்கிற நான் அங்கே முழித்தேன். ரிஹானா பிறந்த விருந்திலிருந்து எங்கள் வீட்டில் கிடந்த பாத்திரத்துக்கு என்ன விலை போட? பழைய சாமான் கடை விலையைப் போட்டேன், கூடப் போட்டால் நீதானே கட்ட வேண்டும்.

நீயும் வக்கீல் வைக்க முடியாது. எழுத்து வேலை என்றாலே நீ ஓடுகிற ஆள், அதனால் உன் எதிர்வாதப் பாரத்தையும் நானே பென்சிலில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வாதிக்கு வாய் அடங்காது, ஊர் நடுவில் பிரதிவாதியைத் தலைகுனிய வைத்தார் என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்தேன், என் வழக்கைவிட வலுவாக இருக்கிறது. மேலே பேனாவால் எழுதிக்கொள்.

விசாரணை நிக்காஹுக்கு முந்தின வியாழக்கிழமை காலை. அது அல்லாஹ் போட்ட தேதி. ஞாயிறு வரைக்கும் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வா. ஜெயித்தாலும் தோற்றாலும் என் காரிலேயே வீட்டுக்குப் போய்விடலாம்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் சலாம். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் உன் பிள்ளைகளுக்கும் கடைக்கும் என் துஆ குறையாது.

இப்படிக்கு,
உன் மச்சானும் வாதியுமான
கிஃபாயத்துல்லா

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தேக்சா ஹைதரோடது. அவன் கடை திறந்தப்ப எங்க அத்தா வாங்கிக் கொடுத்தது. ரிஹானா பொறந்த விருந்துக்கு இரவல் வாங்கிட்டு வந்து, திருப்பிக் கொடுக்காதது நீங்க. அவன் எடுத்துட்டுப் போனது அவன் சாமானை" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் அதற்குக் கேஸ் போடுவீர்கள் என்று யார் கண்டது என்றாள்.

ஆகவே வழக்கு நிற்காது. வியாழக்கிழமை நான் மட்டும் போய் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நீ சம்மனைக் கிழித்துப் போடு. நீ வந்தே ஆக வேண்டும் என்று சொல்ல என்னிடம் இனி எந்தச் சட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் பின்கட்டில் பந்தி பரிமாறிக்கொண்டு இருந்துவிடுகிறேன், நீ முன்னால் போய் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொள். பெண்ணைப் பெற்றவன் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க மட்டும் நான் அங்கே வந்தாக வேண்டும், ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்.