விற்றுத் தீராத குடை

கணினியில் குடைகள் குறைந்திருந்தன. அலமாரியில் குறையவில்லை.

மாப்பிள்ளை மறுபடியும் எண்ணினார். ஒவ்வொரு குடையையும் விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணினார். கடைச் சரக்கு காணாமல் போவதைப் பற்றி அவருடைய பாடத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. கூடிப்போவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"என்ன மாப்பிள்ளை, கணக்கு இடிக்குதா?" என்றார் மாமனார். குரலில் கவலையே இல்லை.

"போன சனிக்கிழமை மூணு குடை வித்தோம் மாமா. மூணும் இங்கேயே இருக்கு."

"நல்ல விஷயம்தானே!"

"நல்ல விஷயம் இல்ல மாமா. நடக்க முடியாத விஷயம்."

"அப்ப கம்ப்யூட்டர்லதான் கோளாறு. அவசரமே இல்ல. அடுத்த சனிக்கிழமை வந்து நிதானமா பாருங்க."

மாப்பிள்ளை பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாலையில் வணிகக் கணினியியலும் தகவல் அமைப்பு மேலாண்மையும் என்ற முதுகலைப் படிப்பு. அவர் குடியிருந்த அறையைவிடப் படிப்பின் பெயர் நீளம். பட்டம் வாங்க ஒரு நிபந்தனை உண்டு. உண்மையான ஒரு கடைக்கு மென்பொருள் செய்து, அது ஒழுங்காக ஓடுகிறது என்று கடைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

"எங்கப்பா கடையையே எடுத்துக்கோங்க. மாப்பிள்ளைங்கிற கூச்சத்துல கேட்ட இடத்துல கையெழுத்துப் போட்டுடுவார்" என்று யோசனை சொன்னவள் மனைவி. சில மாதங்களில் அவள் இறந்துபோனாள். குடையும் பெட்டியும் விற்கும் அந்தக் கடை இருந்தது. செய்து முடிக்காத மென்பொருளும் இருந்தது. அவர் சனிக்கிழமைதோறும் வந்தார்.

மனைவி போன பிறகும் ஒருவர் மாப்பிள்ளையாக நீடிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. மென்பொருள் வேலையாக வருகிறவர் என்றால் அந்தக் கேள்வி எழாது. கையெழுத்து கிடைத்ததும் தொந்தரவு கொடுக்காமல் ஒதுங்கிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

கையெழுத்துதான் கிடைக்கவில்லை.

"போட்டுடலாம் மாப்பிள்ளை, கையெழுத்து எங்க ஓடிப்போகுது? அதுக்கு முன்னாடி இந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க, கண்ணு தெரியல" என்றார் மாமனார். மாப்பிள்ளை பெரிதாக்கினார்.

"இவ்வளவு பெரிசா வேண்டாம், கடை என்ன கண் ஆஸ்பத்திரியா?" என்றார் மாமியார். சிறிதாக்கினார்.

"இந்தப் பச்சை பார்க்கவே நல்லா இல்ல. நீலம் போடுங்க" என்றார் மாமனார். போட்டார்.

"நீலம் சோகமா இருக்கு, இல்லையா?" என்று அவரே கேட்டார்.

"சரி, மாடிக்கு வாங்க, சாப்பிடலாம்" என்றார் மாமியார். கையெழுத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் மாடி வீட்டில் சாப்பாடு தயாராகிவிடும்.

ஆனால் குடை விஷயத்தை எழுத்தின் அளவைப் போல விட்டுவிட முடியாது. மென்பொருள் ஒரே விற்பனையை இரண்டு தடவை கழிக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். இனி ரசீது அச்சானால்தான் கழிக்க வேண்டும் என்று மாற்றினார்.

அடுத்த வாரம் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவர் சிரித்தார். மாமியார் அதைத் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். மாமியார் காகிதம் வீணாகிறது என்று ரசீதே அச்சடிக்கவில்லை. மென்பொருள் எதையும் கழிக்கவில்லை. கழிக்க மறந்த மென்பொருள்தான் சரியான விடை சொல்லியிருக்கிறது.

"மத்த நாள்ல ஒரு விற்பனைகூட ஏறலையே மாமா?"

"மத்த நாள்ல யாரு வர்றா? சனிக்கிழமைதான் கூட்டம். எல்லாம் உங்க ராசி."

கூட்டம் என்றால் பக்கத்துக் கடை டெய்லரம்மா, எதிர் ஸ்டுடியோக்காரர், அவர் தம்பி. மூன்று பேரும் தவறாமல் வந்தார்கள். மழையே இல்லாத மாதத்திலும் குடை வாங்கினார்கள். நல்ல வாடிக்கையாளர்கள் என்று மாப்பிள்ளை தன் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

அடுத்து, ஒவ்வொரு குடைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் ஒட்டினார். ஒரு பகல் முழுக்க ஒட்டினார். அன்று மாலை விற்ற குடைகளும் எண்ணோடுதான் போயின. இனித் தப்பு நடக்க வழியே இல்லை.

மறு சனிக்கிழமை டெய்லரம்மா நீலக் குடை ஒன்றை எடுத்து நீட்டினார். எண்ணைப் படித்ததும் கணினி சிவப்பாகி அலறியது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணல!" என்று டெய்லரம்மா குடையைக் கீழே போட்டார்.

'இந்தப் பொருள் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது' என்றது திரை.

"உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கா இல்லையா? குடை இங்கதானே கிடக்கு" என்றார் மாமியார்.

"அதான் அத்தை புரியல. போன வாரம் இதே குடையை இவங்களுக்கே வித்திருக்கோம்."

"எனக்கா?" டெய்லரம்மா மாமியாரைப் பார்த்தார். மாமியார் கூரையைப் பார்த்தார். மாமனார் இருமினார்.

"ஸ்டிக்கரைத் தப்பா ஒட்டியிருப்பீங்க. தூக்கமில்லாம உழைச்சா அப்படித்தான். வாங்க, சாப்பிடலாம்" என்றார் மாமியார்.

ஒரே எண்ணை எத்தனை முறையும் விற்கலாம் என்று மாப்பிள்ளை மென்பொருளைத் தளர்த்தினார். சில வாரம் அலறல் இல்லை. அறிக்கை கல்லூரிக்குப் போனது.

பேராசிரியை அறிக்கையைப் புரட்டினார். புரட்டுவதை நிறுத்தினார்.

"இந்த நீலக் குடையை உங்க மாமனார் எத்தனை தடவை வித்திருக்கார்?"

"பல தடவை, மேடம்."

"ஒண்ணு உங்க சிஸ்டம் பொய் சொல்லுது. இல்லேன்னா கடைக்காரர் பொய் சொல்றார். எதுன்னு எழுதி, அவர் கையெழுத்தோட வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. இல்லேன்னா இன்னொரு வருஷம் படிங்க."

"மாமா பொய் சொல்ல மாட்டார், மேடம்."

"அப்ப சிஸ்டத்தைத் திருத்துங்க."

அவர் யோசித்தார். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் எல்லாம் பொருந்தும். 'திரும்பி வந்தவை' என்று மென்பொருளில் ஒரு பகுதி சேர்த்துவிட்டு மாமனாருக்கு ஃபோன் செய்தார்.

"திரும்பி வர்றதா? நம்ம கடையிலயா?" மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாசல்ல தொங்குற போர்டுல என்ன எழுதியிருக்கு? விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. அந்தப் பகுதியை எடுத்துடுங்க மாப்பிள்ளை, கடைக்கு அவமானம்."

"அப்ப கையெழுத்து, மாமா?"

"சனிக்கிழமை வாங்க, பேசிக்கலாம்."

சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை கடந்துவிடும். அவர் சேர்த்த பகுதியை நீக்கினார். வியாழக்கிழமை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினார். காரணத்தை விளக்கக் கூடாது, சாப்பிட உட்காரக் கூடாது, கையெழுத்தை வாங்கிக்கொண்டு, இத்தனை நாள் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பேருந்தில் அந்த மன்னிப்பை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டும் சரியாக வரவில்லை.

கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. மதிய இடைவேளையாக இருக்கும் என்று காத்திருந்தார். அருகிலிருந்த கடைகள் எல்லாம் திறந்திருந்தன.

வாசலில் அதே போர்டு, அதே சங்கிலியில் தொங்கியது. முகம் மட்டும் வேறு. சனிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இன்று தெருவைப் பார்த்தது.

'கடை வாடகைக்கு.'

அவர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. மறுபடி திருப்பினார்.

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை! இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையே!"

"இல்லம்மா. வியாழன்."

டெய்லரம்மா போர்டைப் பார்த்தார், அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். உள்ளே போய் நீலக் குடையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டா நீங்க அப்புறம் வரவே மாட்டீங்கன்னு அவங்களுக்குப் பயம்; கடையை மூடி எட்டு மாசமாச்சு, இந்தக் குடையை மாடியில அத்தைகிட்ட கொடுத்துடுங்க, நாளன்னைக்கு உங்களுக்காகத் திறக்கும்போது நான்தானே இதைத் திரும்ப வாங்கணும்!"