கல்யாணக் காரின் பேட்டரி பற்றி எவாரிஸ்தோவுக்கு

லா பாஸ், ஜூலை 9

அன்பு மைத்துனன் எவாரிஸ்தோவுக்கு,

உன் அக்காள் கணவன் ஹிலாரியோன் எழுதுவது. புவனோஸ் ஐரஸில் நீயும் உன் தையல் மிஷின்களும் நலமென்று நம்புகிறேன். நீ பதறாமல் படிப்பதற்காகத் தகவல்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. எங்கள் ஷெட்டில் நீ விட்டுப்போன உன் காரின் பேட்டரி செத்துவிட்டது.
2. காரணம் குளிர்.
3. இப்போது பிழைத்துவிட்டது.
4. ஆகவே, நீ வாக்களித்தபடி, இருபத்தாறாம் தேதி உன் மகள் ஹசிந்தாவை மணக்கோலத்தில் தேவாலயத்துக்கு நானே காரோட்டி அழைத்துச்செல்லத் தடையில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை தார்ப்பாயை விலக்கிச் சாவியைத் திருகினேன். கார் ஒரு முறை 'டிக்' என்றது, அதோடு சரி. பானெட்டைத் திறந்தால், பிப்ரவரியில் கார்னிவல் செவ்வாயன்று பூமித்தாய்க்குப் படையலாக நாங்கள் தூவிய பூவும் வண்ணக் காகிதமும் ஊற்றிய பீரும் சேர்ந்து பேட்டரி மேல் அடையாகக் காய்ந்திருந்தன. சோடா மாவும் வெந்நீரும் விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அது பழைய பிரஷ் என்றுதான் நினைத்தேன். உன் அக்காள் நியேவெஸ் அப்படி நினைக்கவில்லை. அளந்து பார்த்ததில், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வோல்ட். சார்ஜர் இரவல் வாங்கி மாட்டினால் அது சிவப்பாகக் கண்சிமிட்டிவிட்டு வேலை செய்ய மறுத்தது. கையேட்டை மூன்று முறை படித்தேன், சந்தேகம்தான் வளர்ந்தது. அப்போது மினிபஸ் ஓட்டும் பக்கத்து வீட்டு சாதுர்னினா, தன் வண்டி பேட்டரியைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரய்யா, உங்க சார்ஜருக்கு இது பேட்டரின்னே தெரியல, ஏதோ கல்லுன்னு நெனச்சுக்கிச்சு. நம்ம நல்ல பேட்டரிய இதோட சேத்துக் கட்டினா ஏமாந்துரும். பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்... ஐயோ, கைய எடுங்க! முப்பது வருஷமா வடதுருவம் தென்துருவம்னு பாடம் நடத்தினீங்களே, இதுல எது எதுன்னு தெரியலையா?"

"தெரியும். ஆனா நிச்சயமாத் தெரியாது" என்றேன்.

"இவரு எனக்கு மோதிரம் போடும்போதும் இதையேதான் சொன்னாரு" என்றாள் நியேவெஸ்.

சார்ஜர் ஏமாந்தது. ஒரு மணி நேரத்தில் சாதுர்னினா தன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டார். நம்முடையது தானாகவே குடிக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் அரைமணிக்கொரு தரம் அளந்து குறித்தேன். இன்று காலை கார் இருமியது, கறுப்பாகப் புகைந்தது, பிறகு உறுமியது! தெருமுனை வரை நானே ஓட்டினேன். மேட்டில் திரும்பி வரும்போது மட்டும் சாதுர்னினா ஓட்டினார்.

உன் ஊசி முறியாதிருக்கட்டும். மணமக்கள் நிறைந்து வாழட்டும். கல்யாணத்துக்கு நீ வரும் பஸ் மலைப்பாதையில் நல்லபடி ஏறி வரட்டும்.

அன்புடன்,
ஹிலாரியோன் காலிசாயா

பி.கு: உறையை ஒட்டுமுன் நியேவெஸுக்குப் படித்துக்காட்டினேன். "எல்லாம் சரி, ஹெட்லைட் சமாச்சாரத்த எங்க காணோம்?" என்றாள். கார்னிவல் செவ்வாயன்று, நீ வெளியூரில் இருந்தாலும் இந்தக் காருக்கு ஆள் இருக்கிறது என்று பூமித்தாய்க்குத் தெரியட்டுமே என முன்விளக்குகளைப் போட்டேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்த்தபோது விளக்குகள் தாமாகவே அணைந்திருந்தன. நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டேன். ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததைச் சென்ற செவ்வாயன்றுதான் கண்டேன். மணப்பெண்ணின் காரை யார் ஓட்டுவது என்பதை இனி நீயே தீர்மானித்துக்கொள். குளிரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டாவது தகவல் தவறு.