மார்ல்காம்ப் மாளிகையின் தகரத் துண்டு

மார்ல்காம்ப் மாளிகைக்கு வயது முந்நூற்றுப் பத்து. தூண்கள் கிரேக்கம், கோபுரம் கோதிக், ஒழுகல் மட்டும் சுத்த ஆங்கிலம். அதைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஏழு வருடம் மனுப் போட்டவர் உரிமையாளர் லயனல் ஹாக்ஸ்பியேதான். சேர்த்துவிட்டார்கள். இனி எதைத் தொடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

படுக்கையறைக் கூரை ஒழுகியது. லயனல் யாருக்கும் தெரியாமல் மேலே ஏறி, ஒரு தகரத் துண்டை வைத்துக் கோணல்மாணலாக ஆணி அடித்தார். அதன்பின் இரண்டு இடத்தில் ஒழுகியது. முறையாகச் சரிசெய்யாவிட்டால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று மனைவி ஹெஸ்டர் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் மனுப் போட்டார். பாரம்பரிய அதிகாரி மிஸ் டாட் வந்து ஏணியில் ஏறினார்.

"இந்தத் தகரத்தை யார் அடிச்சது?"

அனுமதியில்லாமல் அடித்தது தெரிந்தால் வழக்கு. லயனல் ஏணியைப் பிடித்தபடி சொன்னார்: "எங்க தாத்தான்னு சொல்வாங்க."

"நீங்க அடிச்சிருந்தா குற்றம், பிடுங்கச் சொல்லியிருப்பேன். தாத்தா அடிச்சதுன்னா வரலாறு. இனிமே யாரும் தொடக் கூடாது."

"ஒழுகுதே, மேடம்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப வருஷமா."

"அப்போ ஒழுகலையும் பட்டியல்ல சேர்த்துடலாம்."

தகரத்தை ஆராய மூன்று நிபுணர்கள் வந்தார்கள். குடைபிடித்தபடி கட்டிலோரம் நின்று டீ குடித்தார்கள். நாற்பது பக்க அறிக்கை வந்தது.

"போதும், லயனல்," என்றாள் ஹெஸ்டர், பெட்டியில் துணி அடுக்கியபடி. "போன ஏப்ரல்ல நான்தான் அடிச்சேன்னு எழுதிப் போடு. தண்டனை என்னவோ அனுபவிச்சுக்கலாம். காஞ்ச மெத்தையிலயாவது படுப்போம்."

நியாயமான பேச்சுதான். லயனல் பேனாவை எடுத்தார். எழுதுமுன் அறிக்கையைப் புரட்டினார். பதினேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இவ்வாணிகளின் சாய்வில் மாபெரும் கலைஞர் ஒருவரின் தன்னம்பிக்கை துலங்குகிறது. இத்தகைய கைத்திறன் இன்று இந்நாட்டில் எவருக்கும் இல்லை.'

பிறந்ததிலிருந்து அவருடைய கைவேலையை யாரும் பாராட்டியதில்லை. பள்ளியில் செய்த பறவைக்கூண்டை அவருடைய அம்மா விறகாக்கினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுதிட்டியா?"

"நிபுணருங்க சொல்றதை நாம எப்படி மறுக்கிறது, ஹெஸ்டர்?" என்று பேனாவை மூடினார்.

ஹெஸ்டர் கொட்டும் மழையில் காரை எடுத்துக்கொண்டு ஊர்விடுதிக்குப் போனாள். விடுதிக்காரர் சிரித்த முகத்தோடு அறையைத் திறந்துவிட்டார். கட்டிலுக்கு நடுவே ஒரு வாளி.

"நானே மேல ஏறி நாலு ஓடு பேர்த்தேன், மேடம்," என்றார் அவர். "நாங்களும் பாரம்பரியப் பட்டியலுக்கு மனுப் போட்டிருக்கோம். ஆனா எங்க கூரை உங்க மாளிகை அளவுக்கு நல்லா ஒழுக மாட்டேங்குது."