மாமி எடுத்த பாறை மீன்

மாமனாரிடம் ‘எப்பவும்’ என்ற சொல்லை மட்டும் எந்த மாப்பிள்ளையும் பயன்படுத்தக் கூடாது. நான் பயன்படுத்தினேன். அதுவும் ஒரு ஃபிரேம்வொர்க்கைப் பற்றி.

(ஃபிரேம்வொர்க் என்றால், செல்போன் செயலி எழுதுகிறவன் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதிச் சாகாமல் இருக்க, யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே கட்டி வைத்த சாரம். அதற்கும் கீழே போனின் சொந்த மென்பொருள், அதாவது பிளாட்ஃபார்ம், இருக்கும். கீழே இருப்பது மாறினால் மேலே இருப்பது என்னாகும்? இதை நான் அன்றைக்கே யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

அந்த ஃபிரேம்வொர்க்கின் பெயரைச் சொல்ல மாட்டேன். போய்ச் சேர்ந்ததைப் பற்றி இனி என்ன பேச்சு? அப்போது அதன் படம் போட்ட டீ-சர்ட்டில்தான் தூங்குவேன். ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கக்கூட அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா அடிக்க வந்ததால் சட்டை மாற்றினேன். கல்யாணமானதும் சென்னை வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் மாமனார் வீட்டு மாடியில் குடியேறி, மீன் ஏலத்துக்கு ஒரு செயலி எழுதினேன். படகு கரைக்கு வரும்போதே என்ன மீன் வருகிறது என்று வியாபாரிகள் போனில் பார்க்கலாம், அங்கிருந்தே விலை கேட்கலாம். விசைப்படகுக்காரர்கள் ஒத்துக்கொண்டால் ஊரிலேயே பிழைத்துக்கொள்வேன். இல்லையென்றால் உதறிவிட்டு வந்த கம்பெனியிடமே போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

மாமா இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர். ஒரே ஒரு முறைதான் சந்தேகம் கேட்டார்.

“போன் கம்பெனிக்காரன் ஏதாச்சும் மாத்திப்புட்டாம்னா என்ன செய்விய மாப்ள?”

“என்ன வேணா மாத்தட்டும் மாமா. நடுவுல ஃபிரேம்வொர்க் இருக்குல்லா? அது எப்பவும் தாங்கும்.”

அவ்வளவுதான். மறுநாளே மீன்பிடித் துறைமுகம் முழுக்க, “எம் மருமவன் செஞ்சது எப்பவும் தாங்கும்” என்று சொல்லித் திரிந்தார். ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூட என் ஃபிரேம்வொர்க்கின் பெருமை தெரிந்திருந்தது. என் மானம் போனால் பரவாயில்லை, அது ஏற்கெனவே கொஞ்சம்தான் இருந்தது. இப்போது மாமாவின் வாய்ச்சொல் அல்லவா நடுவில் மாட்டிக்கொண்டது!

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். எனவே பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் செயலியைக் காட்டுவதாக ஏற்பாடு. இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. வாரம் முழுக்க இவர்கள் கடலில் கிடக்கிறார்கள், போனெல்லாம் பழசாகவே கிடக்கும், நம் செயலி திணறும் என்று கணக்குப் போட்டு, “எல்லாரும் சனிக்கிழம கரைக்கு வந்ததும் போனை அப்டேட் பண்ணிருங்க அண்ணாச்சி” என்று படகு படகாகப் போய்ச் சொன்னேன். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று என் போனையும் அப்டேட் செய்தேன். (புத்திசாலி!)

மறுநாள் மண்டபம் நிறைந்துவிட்டது. எதையுமே நம்பாத அந்தோணி அண்ணாச்சி, ஐஸ் பெட்டியில் ஒரு பெரிய பாறை மீனோடு வந்து மேசைமேல் வைத்தார்.

“வெளையாட்டு ஏலமெல்லாம் நமக்குச் சரிப்படாது. நெசமாவே நடத்தும். ஆப்ல யாரு எடுக்காவளோ, மீனு அவியளுக்கு.”

மாமா மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் செயலியைத் திறந்தேன்.

வெள்ளை. திரை முழுக்க வெள்ளை. மூடித் திறந்தேன். மறுபடியும் வெள்ளை. மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் போனைத் தூக்கிக் காட்டினார்கள், அத்தனையும் வெள்ளை.

“நல்லா சுத்தமாத்தான் இருக்கு ஓய்” என்றார் அந்தோணி அண்ணாச்சி.

இணையத்தில் தேடினேன். போனின் பிளாட்ஃபார்ம் புதிதாக மாறியிருக்கிறது, புது அப்டேட்டில் எங்கள் ஃபிரேம்வொர்க் ஓடவே ஓடாது என்று உலகமே அங்கே அலறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முன்னால் வரை எல்லாப் போனிலும் ஓடியிருக்கும். ஊரையே கூட்டி, ஒவ்வொருவராகக் கெஞ்சி, என் செயலியை நானே கொன்றிருக்கிறேன்!

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோருக்கும் டீ கொடுக்க வந்திருந்த மாமி, ஸ்டெல்லாவின் அம்மா.

“எனக்கு மீன் படம் வருதே மாப்ள. அமுக்கட்டுமா?”

மாமியின் போனில் பேரப்பிள்ளைகளின் படங்களும் காலை வணக்கங்களும் அடைந்து கிடந்ததால், அப்டேட் நுழைய இடமே இல்லையாம். மாமாவுக்கு உயிர் வந்தது. “அமுக்குளா! அமுக்கு!” என்று கத்தினார்.

மாமி அமுக்கினாள். போட்டிக்கு வேறு போன் இல்லை. செயலி தன் கடமையைச் சரியாகச் செய்தது: சற்று நேரம் காத்திருந்தது, மணி அடித்தது, ஏலம் முடிந்தது என்று அறிவித்தது. ஓடியது நான் சோதனைக்காக முன்பே போட்டு வைத்த பாறை மீன் ஏலம், அதில் மாற்ற மறந்த தொடக்க விலை ஒரு டீக் காசு.

அந்தோணி அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை. ஆனாலும் சொன்ன சொல் மாறாதவர். மீனைத் தூக்கி மாமியின் கையில் கொடுத்துவிட்டு, விலையைக்கூட வாங்காமல் நடந்தார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் மீன் குழம்பு மணக்க மணக்க இருந்தது. கடைசியில் மாமா, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“எப்பவும் தாங்கும்னியளே மாப்ள?”

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பில் காரம் என்று சொல்லவும் வழியில்லை, மாமி தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தாள்.

சாயங்காலம் அடுத்த இடி. ஃபிரேம்வொர்க்கை எழுதியவர்கள், இனி இதைச் சரிசெய்யப் போவதில்லை என்று கைகழுவிவிட்டார்கள். மாமாவிடம் உள்ளதைச் சொன்னேன். “எல்லாத்தையும் மொதல்ல இருந்து எழுதணும் மாமா.” அவர் போனை எடுத்தார். அந்தோணி அண்ணாச்சிக்குப் போட்டார்.

“அண்ணாச்சி, எம் மருமவனுக்கு இன்னொரு ஞாயித்துக்கெழம குடுங்க.”

“குடுக்கேன். ஆனா மீனு கொண்டாரமாட்டேன்.”

வேறொரு ஃபிரேம்வொர்க்கில் திரும்ப எழுதி முடிக்கப் பல ஞாயிறுகள் ஆயின. இப்போது செயலி ஓடுகிறது, நானும் ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் போனில் புது அப்டேட் வந்தால் துறைமுகத்தில் ஒருவரும் தொடுவதில்லை. “மாமி அமுக்கியாச்சா?” என்று எனக்குப் போன் வரும். மாமிக்கென்றே ஒரு புதுப் போன் வாங்கி வைத்திருக்கிறோம். புது அப்டேட்டை முதலில் அதில் ஏற்றி, மீன் படம் வருகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.

போன மாதம் ஸ்டெல்லாவின் தங்கைக்குக் கல்யாணம். பீடத்தின் முன் மாப்பிள்ளை, வாழ்நாளெல்லாம் இவளை நேசிப்பேன் என்று வாக்குக் கொடுத்தான். முன்வரிசையில் இருந்த மாமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பின்னால் இரண்டு வரிசை சிரிப்பில் குலுங்கியது.

வரவேற்பில் அந்தோணி அண்ணாச்சி ஐஸ் பெட்டியோடு மேடை ஏறினார். உள்ளே அதே அளவில் ஒரு பாறை மீன். அதை மேடையில் நின்ற மாமியின் காலடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“ரெண்டு மீனுக்கும் சேத்து டீக் காசு எடும்மா.”